வேலையா... வலையா?

'சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லுங்க'ன்னு அவசரப்படுத்துற ஆஃபரை நம்பலாமா? கண்டுபிடிக்க ஒரே ஒரு ராத்திரி போதும் ஃப்ரெண்ட்ஸ்!

பௌர்ணமின்னா திருவண்ணாமலை எப்படி இருக்கும்னு தனியா சொல்லணுமா என்ன? மதியம் மூணு மணிக்கே தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கோயில் பக்கத்தில் இருக்கிற எங்க அப்பாவோட பூஜை சாமான் கடைக்கு மாசத்தில் அந்த ஒரு நாள்தான் தீபாவளி. காலேஜுக்கு கட் அடித்துவிட்டு நானும் கடையில் உட்கார்ந்து கற்பூரப் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வந்தது அந்த போன்!

'ஹாய், ஹெச்.ஆர். டீம்ல இருந்து பேசறேன். உங்க ரெஸ்யூம் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு. இப்பவே ஒரு சின்ன டெலிபோனிக் ரவுண்டு வெச்சுக்கலாமா?'

கம்பெனி பெயரைச் சொன்னதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த பெரிய கம்பெனி. கடைக்குப் பின்னாடி போய் நின்றுகொண்டு, காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். மொத்தம் ஏழு நிமிஷம். 'உங்களைப் பத்திச் சொல்லுங்க', 'பெங்களூருக்கு வருவீங்களா?', 'அரியர் இருக்கா?' அவ்வளவுதான் கேள்வி. ஒரு டெக்னிகல் கேள்வி கூட இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. நம்ம இங்கிலீஷில் மயங்கிட்டாங்க போல என்றுதான் நினைத்தேன்.

இருபது நிமிஷத்தில் மெயிலில் ஆஃபர் லெட்டர். லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் பக்கா. வருஷத்துக்கு ரூ.4.8 லட்சம். கீழே ஒரே ஒரு வரி... லேப்டாப் டெபாசிட் ரூ.6,500, முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும். கூடவே வாட்ஸ்அப்பில் மெசேஜ்: 'ஆறு மணிக்குள்ள கட்டிடுங்க. இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிற அடுத்த ஆளுக்கு சீட் போயிடும்.'

அப்பாவிடம் ஓடினேன். தேங்காய் கேட்டு பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்திலும் லெட்டரை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் கேட்டார்...

'போன மாசம் நம்ம கடைக்கு ஒரு பையனை வேலைக்கு வெச்சனே... அவன்கிட்ட நான் காசு வாங்கினேனாடா?'

'அப்பா, இது கம்பெனிப்பா. லேப்டாப் டெபாசிட்டுப்பா!'

'சரி. குடுக்குறேன். இன்னிக்கு கடை பிஸி. நாளைக்குக் காலையில கட்டு. பெரிய கம்பெனின்னா ஒரு ராத்திரில ஓடியா போயிடும்?'

எனக்கு வந்ததே கோபம்! 'அப்பாவுக்கு கார்ப்பரேட் பத்தி என்ன தெரியும்?' என்று முணுமுணுத்தபடியே, 'மேடம், நாளைக்குக் காலையில கட்டலாமா?' என்று மெசேஜ் அனுப்பினேன். இனிமையாகப் பேசிய அந்தக் குரல் உடனே மாறியது. 'உங்களுக்கு கேரியர்ல சீரியஸ்னஸ் இல்லை' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். பத்து நிமிஷம் கழித்து, 'சரி, இப்ப பாதி கட்டுங்க.' இன்னும் பத்து நிமிஷத்தில், 'ஆயிரம் ரூபாயாவது போட்டு சீட்டை லாக் பண்ணுங்க.'

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. காலையிலிருந்து எங்க கடையில் வாழைப்பழத்துக்கு நடந்த அதே பேரம். பெரிய கம்பெனி வேலைக்கு ஆயிரம் ரூபாய் பேரமா?

மறுநாள் காலை, அந்தக் கம்பெனியின் வெப்சைட்டை நானே தேடி, அதில் இருந்த லேண்ட்லைனுக்கு போன் போட்டேன். 'நாங்க யாருகிட்டயும் பணம் கேக்கறதில்ல. அந்த லெட்டர் எங்களோடது இல்ல' என்றார்கள். ரெண்டே நிமிஷம். ரூ.6,500 மிச்சம்.

நான் தப்பித்தது என் புத்திசாலித்தனத்தால் இல்லை. அன்றைக்குக் கடை பிஸி, அவ்வளவுதான்!

என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே வாரம், அதே மாதிரி ஒரு லெட்டர். அவன் 6,500 கட்டினான். அப்புறம் 'டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்' என்று 9,000 கேட்டார்கள். அதையும் கட்டினான், அம்மாவின் கம்மலை அடகு வைத்து. ரெண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கேன்டீனில் டீ குடிக்கக்கூட வராமல் இருந்தவனைப் பிடித்து உலுக்கியபோதுதான் சொன்னான். 'பணம் போனதை விட, இன்ஜினீயரிங் படிச்சிட்டு இப்படி ஏமாந்துட்டியேன்னு கேப்பாங்களேன்னுதான் மச்சி வெளியில சொல்லல.'

அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், ஏமாந்த இன்ஜினீயர் அவன் ஒருத்தன் மட்டும் இல்லை.

ரயில் எண்ணின பட்டதாரிகள்!

2022 ஜூன், ஜூலை மாதங்கள். புது டெல்லி ரயில்வே ஸ்டேஷன். தமிழ்நாட்டிலிருந்து போன 28 பேர் பிளாட்ஃபாரங்களில் நிற்கிறார்கள். வேலை என்ன தெரியுமா? எத்தனை ரயில் வருது, எத்தனை போகுது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணுவது! தினமும் எட்டு மணி நேரம். சுமார் ஒரு மாசம்.

டி.டி.ஈ., டிராஃபிக் அசிஸ்டென்ட், கிளார்க் வேலைகளுக்கு இதுதான் டிரெய்னிங் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். இதற்காக ஒவ்வொருத்தரும் கொடுத்தது ரூ.2 லட்சத்திலிருந்து ரூ.24 லட்சம் வரை. மொத்தம் ரூ.2.67 கோடி. கடைசியில் ஆர்டரை எடுத்துக்கொண்டு வேலையில் சேரப் போனால்... எல்லாமே போலி! டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் பதிவாகி, 2022 டிசம்பரில் நாடு முழுக்க செய்தியானது.

இதைப் படித்து சிரித்தவர்கள் நிறைய பேர். 'ரயில் எண்ணச் சொன்னா கூடவா சந்தேகம் வராது?' என்று கேட்டார்கள். ஆனால், அந்த 28 பேரில் பெரும்பாலானவர்கள் இன்ஜினீயரிங், டெக்னிகல் படித்தவர்கள். அவர்கள் ஏன் நம்பினார்கள் என்று பாருங்கள். கன்னாட் பிளேஸில் இருக்கிற நிஜமான ரயில்வே ஆஸ்பத்திரியில் மெடிக்கல் டெஸ்ட் என்று கூப்பிட்டார்கள். சங்கர் மார்க்கெட்டில் இருக்கிற ரயில்வே ஆபீஸில் சர்டிபிகேட் சரிபார்ப்பு என்று கூப்பிட்டார்கள். டிரெய்னிங் புத்தகம், அடையாள அட்டை எல்லாம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நிஜம், கட்டடம் நிஜம், ரயிலும் நிஜம். வேலை மட்டும்தான் பொய்!

புகார் கொடுத்தவரே 78 வயது முன்னாள் ராணுவ வீரர். ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து வழிகாட்டப் போய், தானும் ஏமாந்தவர். அதாவது, ஆஃபரைக் கொண்டுவருபவர் நல்லவராக இருந்தாலும் ஆஃபர் நல்லதாக இருக்கணும்னு அவசியம் இல்லை. சொந்தக்கார மாமா சொன்னாலும் சரி, சீனியர் அண்ணன் சொன்னாலும் சரி!

அவர்கள் எதையும் செக் பண்ணவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அவர்கள் பார்த்த ஒவ்வொரு ஆதாரமும் ஒரே ஆட்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியது. ரயில்வேயில் இந்த மாதிரி வேலைகளுக்கு ஆர்.ஆர்.பி. வெளிப்படையாக அறிவிப்பு கொடுத்து, தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கும். பின்வாசல் என்று ஒன்று கிடையாது. இருக்கு என்று யாராவது சொன்னால், அந்த வாசலைக் கட்டினதே அவர்தான்!

காசே வேண்டாம்... டிக்கெட்டும் ஃப்ரீ!

'சரி பாஸ், காசு கேட்டா ஃபிராடு, கேக்கலன்னா ஒரிஜினல். இதானே?' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அடுத்த கதை அதைவிட பயங்கரம்.

2022 செப்டம்பர் 24-ம் தேதி மத்திய வெளியுறவுத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சோஷியல் மீடியா விளம்பரம் மூலமாகவும், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கிற ஏஜென்ட்கள் மூலமாகவும் ஐ.டி. தெரிந்த இளைஞர்களைக் குறி வைக்கிறார்கள். போனவர்களைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்கள் என்றது அந்த எச்சரிக்கை. என்ன வேலை? கால் சென்டர் மோசடி, கிரிப்டோ மோசடி. வேலை தேடிப் போனவனையே அடுத்தவனை ஏமாற்ற வைக்கும் வேலை!

அங்கே மாட்டியவர்களில் நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தார்கள். 2022 அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது.

லாவோஸில் இருக்கிற இந்தியத் தூதரகமும் இதே மாதிரி எச்சரித்தது. அதில் சொல்லியிருக்கிற ஆள் எடுக்கும் முறையைக் கேளுங்கள்: ஒரு சுலபமான இன்டர்வியூ, ஒரு டைப்பிங் டெஸ்ட், பெரிய சம்பளம், ஹோட்டல் ரூம், போக வர விமான டிக்கெட், விசா ஏற்பாடு. எல்லாமே அவர்கள் செலவு! நம்ம ஊரில் மீன் பிடிக்கிறவர் தூண்டிலில் புழுவை மாட்டுவாரே, மீனிடம் காசு வாங்கிக்கொண்டா மாட்டுகிறார்?

இன்னொரு விஷயம். தாய்லாந்துக்கோ லாவோஸுக்கோ 'விசா ஆன் அரைவல்' என்று போய் இறங்கினால், அதை வைத்து வேலை பார்க்க அனுமதியே கிடையாது. 'முதல்ல டூரிஸ்ட்டா வாங்க, அங்க வந்து மாத்திக்கலாம்' என்று சொன்னாலே போனை வைத்துவிடலாம்.

ஏன் அவசரப்படுத்துறாங்க?

வேலை கிடைச்சிடுச்சு என்ற சந்தோஷம் முதலில் வருகிறது. அடுத்த நிமிஷமே அது கையை விட்டுப் போயிடுமோ என்ற பயம் வருகிறது. கிடைக்காத பொருளை விட, கிடைத்து பறிபோகப் போகிற பொருள்தான் நம்மை ஆட்டிவைக்கும். எஜுகேஷன் லோன், தங்கச்சி படிப்பு, 'உன் பையனுக்கு பிளேஸ்மென்ட் ஆயிடுச்சா?' என்று கேட்கிற பக்கத்து வீட்டு ஆன்ட்டி... எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வரும்.

அவர்களுக்கு நம்ம யோசிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், நம்ம யாரிடமும் பேசக் கூடாது. 'கான்ஃபிடென்ஷியல், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஷேர் பண்ணாதீங்க' என்று சொல்வது அதனால்தான். எனக்கு ஆறு மணி கெடு வைத்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் யாராவது ஒருத்தர் கேள்வி கேட்டுவிடுவார்கள் என்று!

அதற்காக, உடனே கிடைக்கிற வேலை எல்லாம் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வாக்-இன் போன அன்றைக்கே செலக்ட் ஆன சீனியர்கள் உண்டு. நம்ம மாவட்டத்து செய்யாறு சிப்காட்டில் ஆரம்பித்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை ஃபேக்டரிகளில் அவசரமாக ஆள் தேவைப்படுவதும் உண்டு. சின்ன கம்பெனி ஓனர் ஜிமெயிலிலேயே ஆஃபர் அனுப்புவதும் நடக்கிறதுதான்.

வித்தியாசம் எங்கே இருக்கு தெரியுமா? நிஜமான அவசரம், 'திங்கட்கிழமை காலையில வேலைக்கு வாங்க' என்று சொல்லும். போலி அவசரம், 'இன்னிக்கே பணம் போடுங்க, சர்டிபிகேட் குடுங்க, ஃபிளைட் ஏறுங்க' என்று சொல்லும். ஒன்று நம்ம உழைப்பைக் கேட்கிறது. இன்னொன்று நம்மையே கேட்கிறது.

ஒரு ராத்திரி டெஸ்ட்!

ஆஃபர் வந்ததும் இந்த ஒரு வரியை அனுப்புங்கள்: 'ரொம்ப நன்றி மேடம். எங்க காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸர்கிட்ட காட்டிட்டு நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சொல்றேன்.' இதற்கு என்ன பதில் வருகிறது என்பதே பாதி ரிசல்ட்! மீதி பாதிக்கு...

1. கதவை நீங்களே தேடுங்க. லெட்டரில் இருக்கிற நம்பருக்கு போன் போடாதீர்கள். அதை எடுக்கப்போவது அதே மேடம்தான். கம்பெனி வெப்சைட்டை நீங்களே தேடிப் பிடித்து, அதில் இருக்கிற நம்பரில் விசாரியுங்கள். எல்லாவற்றையும் விட இது ஒன்றுதான் முக்கியம்.

2. மெயில் முகவரியை எழுத்துக் கூட்டிப் படிங்க. பெரிய கம்பெனி பெயருக்கு நடுவில் ஒரு கோடு, பின்னாடி 'கேரியர்ஸ்', ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருந்தால் உஷார். டி.சி.எஸ். மாதிரி கம்பெனிகள், ஜிமெயில், யாஹூ போன்ற முகவரிகளிலிருந்து ஆஃபர் அனுப்புவதில்லை, பணமும் கேட்பதில்லை என்று தங்கள் வெப்சைட்டிலேயே போட்டிருக்கிறார்கள்.

3. கம்பெனி பதிவாகியிருக்கான்னு மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. கம்பெனி விவகாரத் துறையின் வெப்சைட்டில் பெயரைத் தேடலாம். இல்லை என்றால் சந்தேகம். ஆனால் இருந்தாலும் நிம்மதி அடைய முடியாது! எனக்கு வந்த லெட்டரில் இருந்ததும் நிஜமான கம்பெனிதான். 'இப்படி ஒரு கம்பெனி இருக்கா?' என்பது கேள்வி இல்லை. 'அந்தக் கம்பெனிதான் இதை அனுப்பினதா?' என்பதுதான் கேள்வி.

4. பணம் யார் பேருக்குப் போகுது? டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ், யூனிஃபார்ம், கேட் பாஸ் என்று என்ன பெயரில் கேட்டாலும் கட்ட வேண்டாம். ஜிபேயில் நம்பரைப் போட்டால் பெயர் காட்டும். கம்பெனி பெயருக்குப் பதில் யாரோ ஒருத்தர் பெயர் வந்தால், அதற்கு மேல் விசாரிக்கவே தேவையில்லை.

5. இன்டர்வியூவை மறுபடி ஓட்டிப் பாருங்க. நம்மால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று சோதிக்கிற மாதிரி ஒரு கேள்வியாவது கேட்டார்களா? மாசம் நாற்பதாயிரம் கொடுக்கப் போகிறவர் அதைக்கூடக் கேட்காமல் இருப்பாரா?

6. ஒரிஜினல் எதையும் கையை விட்டுக் குடுக்காதீங்க. சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரணும். பாஸ்போர்ட் மத்திய அரசோட சொத்து, எந்தக் கம்பெனியும் பிடுங்கி வைக்க முடியாது. ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' ஆதாரைக் கொடுங்கள். 'சேலரி அக்கவுன்ட்' என்று சொல்லி உங்கள் பெயரில் அக்கவுன்ட் திறந்து ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாளைக்கு அதில் திருட்டுப் பணம் புரண்டால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

7. வெளிநாடா? ஏஜென்ட் லைசென்ஸ் எங்கே? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் 1983-ம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்கணும். வெளியுறவுத் துறையின் 'இ-மைக்ரேட்' வெப்சைட்டில் ஏஜென்ட் பெயரைப் போட்டு சரிபார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் சார்ஜ் ரூ.30,000, கூட ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டால் அதுவே சட்ட மீறல். சந்தேகம் இருந்தால், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்துட்டீங்களா?

முதலில், இன்னும் ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள். 'இதையும் கட்டினா மொத்தமா ரீஃபண்ட்' என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பொய்.

உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய ஹெல்ப்லைன் இது. பணம் ஒரு அக்கவுன்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, யாரோ எடுத்துவிடுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கு. அதனால் இங்கே மட்டும் அவசரப்படலாம், தப்பே இல்லை! மெசேஜ், மெயில், கால் லிஸ்ட், பணம் அனுப்பிய ரசீது எதையும் கோபத்தில் டெலிட் பண்ணிவிடாதீர்கள். அதுதான் ஆதாரம்.

எங்க கிளாஸ்மேட் ரெண்டு வாரம் கழித்துத்தான் புகார் கொடுத்தான். பணம் இதுவரை வரவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் வந்திருக்குமோ என்னமோ. கம்மலை மீட்க இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் எடுக்கிறான். ஆனால், அவன் இன்னொரு வேலையும் செய்கிறான். தன் கதையை எங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அவனே எழுதிப் போட்டுவிட்டான். அன்றைக்கு ராத்திரியே ஒரு ஜூனியர் பொண்ணு ஒரு லெட்டரை அனுப்பி, 'அண்ணா, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்' என்று கேட்டாள். அதே லேப்டாப் டெபாசிட். வேற கம்பெனி லோகோ!

அவள் பணம் கட்டவில்லை. ரெண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்ததால் ஒரு வீட்டில் கம்மல் தப்பித்தது.

போன பௌர்ணமிக்கும் கடையில்தான் இருந்தேன். கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம் பார்த்து அப்பா கேட்டார்... 'அந்த பெங்களூர் கம்பெனிக்காரம்மா மறுபடி போன் பண்ணாங்களாடா?'

'இல்லப்பா. நம்பரே ஸ்விட்ச் ஆஃப்.'

'பார்த்தியா? நம்ம கடை அதே இடத்துலதான் இருக்கு' என்று சொல்லிவிட்டு தேங்காய் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

நிஜமான வேலையும் அப்படித்தான் ஃப்ரெண்ட்ஸ். விடிஞ்சு போய்ப் பார்த்தாலும் அதே இடத்தில் இருக்கும்!